கீழம்மா வீட்டுத் திருத்த வேலை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் நீ என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். முதலாவது தொழில் பற்றியது. "அப்பா, முந்தி கவுன்சில் வீடுகளை நாங்கள்தானே வித்தனாங்கள்? ஏன் அந்த லிஸ்டிலை இருந்து விலகினீங்கள்? நான் ஒபிஸைப் பொறுப்பெடுத்ததும் திரும்ப அப்ளை பண்ணப் போறன்" என்றாய். இரண்டாவது உன் கலியாணம் பற்றியது. அழைப்பிதழ் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை என் முன்னால் விரித்து, முதல் பெயரில் விரலை வைத்து, "கீழம்மான்ரை கனடா அட்ரஸ் வேணும். முதல் கார்ட் அவவுக்குத்தான்" என்றாய். நான் பிஸ்கட் தட்டை உன் பக்கம் நீட்டினேன். பிறகு வயிறு சரியில்லை என்று மாடிக்குப் போய் இருபது நிமிடம் குளியலறையில் இருந்தேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா கீழே நின்று, "தண்ணி போற சத்தத்தையே காணேல்லை, உள்ளுக்கை என்ன செய்யிறியள்?" என்று கேட்டது உன் காதிலும் விழுந்திருக்கும். உன் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான், அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேரில் சொல்ல எனக்கு வராது. நேரில் என்றால் நடுவில் ஒரு பகிடி விடுவேன், நீ சிரித்துவிடுவாய், நான் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு தப்பி ஓடிவிடுவேன். முப்பது வருடமாக அப்படித்தான் எல்லா இடத்திலிருந்தும் தப்பி வந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். இதை உன்னைக் கட்டப்போகிற பிள்ளைக்கும் காட்டு, வேறு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. அதற்காகத்தான் எந்த வட்டாரம், எந்தக் கவுன்சில் என்று எழுதவில்லை. உனக்குத் தெரியும். பிழை செய்தது கவுன்சில் இல்லை, நான்.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அது இலகு. ஊரில் தரகர் என்றால் இரண்டு வகை, மாட்டுத் தரகர், கலியாணத் தரகர். நான் லண்டனுக்கு வந்து மூன்றாவது வகையாகி, ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் நகரசபை மாதிரியான இந்தக் கவுன்சில் தன் வீடுகளை வாடகைக்குக் கொடுக்கத்தான் வைத்திருக்கிறது. ஆனால் குடியிருந்தவர் போய் வீடு வெறுமையானதும், திருத்துகிற செலவு கட்டாது என்று கண்டால் சில வீடுகளை விற்றுவிடும். அதற்குத் தரகர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கும். அதில் சேர நீ விண்ணப்பம் போட வேண்டும். பதிவுப் பத்திரம், காப்புறுதி, முன்பு விற்ற வீடுகளின் விபரம், உன்மேல் முறைப்பாடு ஏதும் இருக்கிறதா என்பதெல்லாம் கேட்பார்கள். சேர்த்துக்கொண்டால், ஒரு நாள் மண்ணிற உறையில் இலக்கம் எழுதி ஒரு திறப்பு வரும். நீ போய் அந்தத் திறப்பால் கதவைத் திறந்து, படம் எடுத்து, விலை மதித்து, ஆட்களுக்குக் காட்டி, குறித்த திகதிக்குள் விலைகளை மூடிய உறையில் வாங்கி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நல்ல, ஒழுங்கான வேலை. மற்ற வீடுகளை விற்கும்போது சொந்தக்காரர் தேத்தண்ணீர் போட்டுத் தருவார், இந்த ரோசா என் மனுசி நட்டது என்று கண் கலங்குவார், கடைசி நாளில் திறப்பைத் தர மனமில்லாமல் கையில் வைத்து உருட்டுவார். எரிச்சலாக இருக்கும். கவுன்சில் வீட்டில் அந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. விற்பவருக்கு முகமே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

இனிக் கீழம்மா. அந்தப் பெயரை நீதான் வைத்தாய். நாங்கள் மேல்வீட்டில், அவர் கீழ்வீட்டில், இரண்டும் கவுன்சில் வீடுகள். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். புருசனைச் சண்டையில் இழந்து, பிள்ளையும் இல்லாமல், ரொறன்ரோவில் கூடப்பிறந்தவளின் பிள்ளையான ஒரு பெறாமகனைத் தவிர ஒருத்தரும் இல்லாமல் தனியாக வந்த மனுசி. பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை. உன் அம்மாவுக்குக் காலை ஷிப்ட், எனக்குப் பெற்றோல் ஷெட்டில் பின்னேர ஷிப்ட். நடுவில் இருந்த நேரமெல்லாம் நீ கீழே இருந்தாய். நீ நடக்கப் பழகியது அவருடைய வரவேற்பறையில். "உன்ரை பெடியன் இண்டைக்கு நாலு எட்டு வைச்சவன், நீ எங்கையடா நிண்டனீ?" என்று என்னைப் பேசினது இப்போதும் காதில் கேட்கிறது. கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து, ஒழுகுகிற குழாயைப் பற்றித் தமிழில் சத்தம் போடுவார். ஆச்சரியம் என்னவென்றால், நான் ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டதைவிட அவருக்கு விரைவாக ஆள் வரும். ஆனால் குசினித் தரைக்கு மட்டும் யாரும் வரவில்லை. அந்தத் தரை மூலையில் கிளம்பி, மடங்கி, கால் தட்டுப்படும். நான் தரகனாகி நாங்கள் சொந்த வீட்டுக்குப் போன பிறகும் அவர் அங்கேயே இருந்து கேட்டார், மொத்தம் பதினொரு வருடம். இதை நினைவில் வைத்திரு.

நீ மான்செஸ்டரில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, அதே தரையில் தடக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வயதானவர்களைப் பராமரிக்கிற ஒரு கெயர் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள், கொஞ்ச நாளைக்கு என்று. கிட்டத்து ஆள் யார் என்று கேட்ட படிவங்களிலெல்லாம் என் பெயரைத்தான் கொடுத்திருந்தார். ஒரு நாள் வீட்டுப் பத்திரத்தோடு கவுன்சில் அதிகாரி ஒருவர் வந்தார், இளம் பெண். மொழிபெயர்க்க வரவேண்டியவர் வரவில்லை. "தம்பி வரட்டும், அவன் சொன்னால் எனக்கு விளங்கும்" என்று அக்கா சொல்லிவிட்டார். போனேன். "சொந்தக்காரரா?" என்று அந்தப் பெண் கேட்டார். "சொந்தம் மாதிரி" என்றேன். என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை ஆறுதலாக மூன்று விசயங்கள் சொன்னார். கையெழுத்து வைத்தால் வாடகை உரிமை முடிந்து வீடு கவுன்சிலுக்குத் திரும்பும் என்பது ஒன்று. இங்கேயே இருந்தால் பராமரிப்புக்கு ஒழுங்கு செய்வோம் என்பது இரண்டு. மூன்றாவதாக, கதிரையை முன்னுக்கு இழுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்றைக்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள், சில மாதங்கள் வைத்திருந்து பார்க்கலாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நான் தமிழில் சொல்வதற்காக.

அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம் தம்பி?"

"வீட்டைக் கவுன்சில் பொறுப்பெடுக்குதாம் அக்கா. திருத்த வேலை செய்யப் போகினம்."

"குசினித் தரையுமோ?"

"ஓம், குசினித் தரையும்."

"பதினொரு வருசம் கத்தினதுக்கு இப்பதான் உவையளுக்குக் காது கேட்டிருக்குது. எவடத்திலை வைக்கிறது கையெழுத்து?"

நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் வைத்தார். வாசிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தங்கள் ஆள் ஒருத்தன் பக்கத்தில் நின்றால் பத்திரம் வாசிக்கிற பழக்கம் இல்லை, வாசித்தால் அவனை நம்பவில்லை என்றாகிவிடும். வெளியே வந்ததும் அதிகாரி, "எல்லாம் அவவுக்கு விளங்கியதா?" என்று கேட்டார். "எல்லாம்" என்றேன். மூன்றாவது வசனத்தை நான் சொல்லவே இல்லை.

ஏன் என்று நீ கேட்பாய். தனியே இருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார், உண்மை. நல்ல இடம், நல்ல தாதிகள், அதுவும் உண்மை. இவற்றை நான் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், வாடிக்கையாளருக்குச் சொல்வதைவிடத் திறமாக. ஆனால் கீழ்த்தளத்து வீடு, பின்னால் தோட்டம், ரெயில் நிலையத்துக்கு நடை தூரம், இப்படி ஒரு வீடு வெறுமையானால் கவுன்சில் அதை விற்கும், அது பட்டியலுக்கு வரும், பட்டியலில் நான் இருக்கிறேன். டொக்டர் சொன்னது நினைவுக்கு வருவதற்கு முன்பே எனக்கு இது நினைவுக்கு வந்துவிட்டது. எந்த நினைப்பு முதலில் வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

இரண்டு மாதம் ஆகுமுன்னமே, ஏழாவது கிழமையில், மண்ணிற உறை வந்தது. கூடவே வழக்கமான படிவம். முன்பு குடியிருந்தவருடன் உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். நீ நடக்கப் பழகிய வீடு. 'இல்லை' என்று எழுதினேன். படம் எடுக்கப் போனபோது சாமான் ஒன்றும் இல்லை, துப்புரவு செய்கிறவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஆணி அடித்ததையும் ஸ்க்ரூ பூட்டியதையும்தான் விடுவார்கள். சுவரோடு சேர்ந்த குசினி மேடை விளிம்பில் அக்காவின் தேங்காய்த் துருவி பூட்டியபடி இருந்தது. படத்தில் வந்தால் அசிங்கம் என்று கழற்றினேன். எறிய மனம் வரவில்லை, எங்கள் கராஜில் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு நாளில் உன் அம்மா அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது அக்கான்ரை. இது எப்பிடி இஞ்சை வந்தது?" என்றாள். சொன்னேன். மூன்று கிழமை என்னுடன் பேசவில்லை. வழக்கமாக அவள் பேசாவிட்டால் எனக்கு அது விடுமுறை. அந்த முறை அப்படி இருக்கவில்லை. கடைசியில் பேசியபோது, "பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்" என்றாள். உன் அம்மாவை நீ கோபிக்காதே, அவள் ஏழு வருடமாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விளம்பரம் எழுதினேன். 'நோ செயின்' என்று போட்டேன், அது எங்கள் தொழிலில் பெரிய கவர்ச்சி. விற்பவர் வேறு ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கவில்லை, உடனே வரலாம் என்று அர்த்தம். அக்கா அங்கே கட்டிலில் இந்த வீட்டுக்காகக் காத்திருந்தார். பார்க்க வந்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. ஒருவர் போனில் திசைகாட்டியைப் போட்டுக்கொண்டு வாசலில் மூன்று சுற்றுச் சுற்றினார். அவருடைய மாமியார் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "தம்பி மறைக்காமல் சொல்லும், இதுக்குள்ளை ஆரும் செத்தவையோ?" என்றார். "ஒருத்தரும் சாகேல்லை அம்மா" என்றேன் பெருமையாக. அந்த வீட்டைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதையும் விலைக்குத்தான் பாவித்தேன். கடைசியில் வாங்கியது ஒரு வெள்ளைக்காரச் சோடி, அந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு வந்தாள். நல்ல பிள்ளைகள். அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை.

விற்பனை முடிந்த அன்று பின்னேரம் அக்காவைப் பார்க்கப் போனேன், சொல்லிவிடுவது என்று. அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு முதல் கேட்டது, "வேலை தொடங்கிட்டாங்களோ?"

"தொடங்கிட்டாங்கள் அக்கா" என்றேன்.

அப்படித் தொடங்கியது. முதலில் ஒரு போலந்துக்காரக் குழாய் வேலைக்காரனைப் படைத்தேன், பிறகு முதுகுவலிக்கார மின்சாரத் தொழிலாளி ஒருவன், பிறகு ஓடு பதிக்க வந்து காதலில் விழுந்து ஸ்பெயினுக்கு ஓடிப்போன ஒருவன். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். ஓட்டுக்கு நிறம் கேட்டேன், "மண்ணிறம், ஊத்தை தெரியாது" என்றார். "உவங்கள் ஏமாத்துவாங்கள் தம்பி, நீ பக்கத்திலை நிண்டு பார்" என்றும் சொன்னார். ஏழு வருடம் ஒரு குசினி திருத்துவதை இந்த நாட்டில் யாரும் சந்தேகப்படவில்லை, பக்கத்துக் கட்டில் மனுசி தன் குளியலறைக்கு ஒன்பது வருடம் என்று ஆறுதல் சொன்னாளாம். உன் அம்மா கிழமைக்கு ஒருதரம் புட்டு கொண்டுபோவாள். வீட்டுப் பேச்சு வந்தால், "அதை அவரைக் கேளுங்கோ" என்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

உனக்குச் சொன்ன பொய்யும் அதே கிழமையில் பிறந்தது. நீ விடுமுறைக்கு வந்து கீழம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சப்பாத்துப் போட்டாய். பெறாமகன் வந்து ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றேன். நீ படிக்கட்டில் இருந்து அழுதாய், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. இருபது வயதுப் பிள்ளை. நம்பர் கேட்டாய், மாறிவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கனடாவுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கார்ட் தருவாய். உறையை மாற்றி நான் கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏழும் அவருடைய கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. பெடியன் ஏன் வாறான் இல்லை என்று கேட்டபோது, நீ ஜெர்மனியில் வேலை என்றேன். அவர் உன்னை ஜெர்மனியில் தேடுகிறார், நீ அவரைக் கனடாவில் தேடுகிறாய். உன் வேலைத்தலத்துக்குப் போகிற பஸ் அவருடைய ஜன்னலுக்குக் கீழால்தான் போகிறது. அந்த வீட்டுக்குப் பிறகு மண்ணிற உறை ஒன்றை என்னால் பிரிக்க முடியவில்லை. பட்டியலில் இருந்து விலகுகிறேன் என்று எழுதிப் போட்டேன். அது மானஸ்தன் செய்கிற காரியம் என்று அப்போது நினைத்தேன். மானஸ்தன் என்றால் விலகியிருக்க மாட்டான், போய்ச் சொல்லியிருப்பான்.

நீ திரும்ப அந்தப் பட்டியலில் சேரப் போகிறாய் என்றால் சேர். நான் மறிக்க மாட்டேன். வெறும் வீடு பூட்டிக் கிடப்பதில் யாருக்கும் நன்மையில்லை. ஒன்று மட்டும் செய். உறையைப் பிரித்து வீட்டுக்குள் போனதும் படம் எடுக்க முன்னம், இங்கே இருந்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் கேள். அந்தப் பெயர் உனக்குத் தெரிந்த பெயராக இருந்தால், திறப்பை அன்றைக்கே திருப்பிக் கொடு. படிவத்தில் 'உண்டு' என்று எழுதப் பயப்படாதே. ஒரு விற்பனை போகும், வேறொன்றும் போகாது. இதை எனக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். எனக்கே தெரியும்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இந்தச் செவ்வாய்க்கிழமை வாய் தவறி உன் கலியாணத்தை அவரிடம் உளறிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார். மிகவும் மெலிந்துவிட்டார், மகன், கை பிடித்தால் வளையல்தான் கையில் வருகிறது. பிறகு தலையணைக்குக் கீழே இருந்து கைலேஞ்சி முடிச்சு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே வீட்டுத் திறப்பு. கையெழுத்து வைத்த அன்றைக்கு அதிகாரி எல்லாத் திறப்பையும் வாங்கியபோது இதை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"வேலை முடிஞ்சாலும் எனக்கு இனி அங்கை போய் இருக்க ஏலாது தம்பி. பெடியன் இருக்கட்டும். கவுன்சிலோடை நான் கதைக்கிறன். பொம்பிளையோடை வந்து முதல் பாலை அந்தக் குசினியிலை காய்ச்சச் சொல்லு. அந்தப் புதுத் தரையை நான் பாக்கேல்லை, வாற பிள்ளை பாக்கட்டும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பு இன்னும் பூட்டவில்லை என்றேன். அடுப்புப் பூட்டுகிறவனுக்குச் சின்னம்மை என்றேன். அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. "கெதியாய் முடிக்கச் சொல்லு. எனக்கும் நாள் இல்லை" என்றார்.

அந்தத் திறப்பு இந்தக் கடித உறைக்குள் இருக்கிறது. அந்த வாசலில் பூட்டு மாற்றி வருடங்களாகிவிட்டன, இது ஒரு கதவையும் திறக்காது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னுடன் வா. உன் அம்மாவும் வருவாள், முதல் அழைப்பிதழையும் இந்தத் திறப்பையும் எடுத்துக்கொள். இரண்டாம் மாடி, கார்கள் நிறுத்துகிற பக்கத்து அறை. உன்னைக் கண்டதும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார். ஜெர்மனியில் குளிரா என்று கேட்பார், அதற்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை. அன்று அந்தக் கவுன்சில் அதிகாரி கதிரையை முன்னுக்கு இழுத்துச் சொன்ன மூன்றாவது வசனத்தை நான் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நீ பக்கத்தில் நில். எனக்கு என்னைத் தெரியும். நடுவில் நான் அடுப்புக்காரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், சிரிக்காதே. ஒன்றும் பேசவும் வேண்டாம். திறப்பை எடுத்து என் முன்னால் மேசையில் வை.

அப்பா